மூளையின் குருதிக்குழாய்க் கோளாறும் வலிப்பு நோயும்



வலிப்பு சாபமன்று, தொற்றுநோயுமன்று. மூளையின் நரம்பணுக்களில் கட்டுமீறி எழும் மின்கிளர்ச்சியே அது. சிலருக்கு அதன் காரணம் மூளையின் குருதிக்குழாய்களிலேயே இருக்கின்றது.

நாடிகளும் நாளங்களும் நுண்குழாய்கள் வழியே இணைவதே இயல்பு. அவை நேரடியாகப் பின்னிக்கொண்டால், மிகுந்த அழுத்தத்துடன் குருதி பாய்ந்து குழாய் வெடிக்கக்கூடும். இத்தகையோருள் ஆண்டுதோறும் நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்குக் குருதி கசிகின்றது. மற்றொரு வகை, முசுக்கட்டைப் பழம் போன்ற சிறு குழாய்க்கொத்து. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இஃது உண்டு. பலருக்குத் துன்பம் தருவதில்லை. சிலருக்கோ, கசிந்த குருதியின் இரும்பு அயலிலுள்ள நரம்பணுக்களை உறுத்தி வலிப்பைத் தூண்டுகின்றது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இக்கோளாற்றைக் காட்டிவிடும். அது அமைந்த இடத்துக்கும் அளவுக்கும் ஏற்ப, மருந்து, அறுவைச் சிகிச்சை, சுவீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951 இல் முன்வைத்த நுண்கதிர்ச் சிகிச்சை ஆகியவற்றுள் தக்கதை மருத்துவர் தெரிவுசெய்வார்.

வலிப்பு வந்தவரின் கையில் திறப்பைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் இடலாகாது. வலிப்புத் தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்தல் வேண்டும். 5 நிமிடம் கடந்தும் நில்லாவிடின் அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

திருமணம் தடைப்படுமென அஞ்சி நோயை மறைப்பதே பெருங்கேடு. மறைக்கப்படும் பிள்ளைக்கு ஸ்கேனும் இல்லை, சிகிச்சையும் இல்லை. கசிவு மட்டும் தொடரும். இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டமே 1999 இல் வலிப்பைத் திருமணத் தடைகளிலிருந்து நீக்கிவிட்டது. சட்டம் கைவிட்ட தடையைக் குடும்பங்கள் கட்டிக்காக்க வேண்டுமா?