வதந்தியைத் தேடுவோம், மனிதரை அல்ல

2014 ஜூன் 2 அன்று, இதே புனேயின் ஹடப்சரில், முகநூலில் பரவிய இழிவுப் படங்களைச் சாக்கிட்டு, அவற்றோடு தொடர்பற்ற இஸ்லாமிய மென்பொருள் ஊழியர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். சமூக ஊடகங்களின் பொதுப் பதிவுகளை இணையக் கருவிகளால் வடிகட்டக் கற்பது அதனால்தான் அவசியமாகிறது.

சொல், மொழி, ஊர், நேரம் என நிபந்தனைகளை அடுக்குங்கள். ஒரே சொல்லைத் தேவநாகரியிலும் ரோமன் எழுத்திலும் தேடுங்கள். தொடர்பற்றவற்றை விலக்குங்கள். வதந்தி முளைக்கும்போதே மறுப்பை மக்களிடம் கொண்டுசெல்லலாம்.

ஆள்வோரும் இதே சல்லடையை நாடினர். ஒன்றிய அரசு முன்மொழிந்த சமூக ஊடகத் தொடர்பு மையம், கண்காணிப்பு அரசுக்கே வழிவகுக்கும் என உச்சநீதிமன்றம் எச்சரித்தபின், 2018 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. நாம் தேட வேண்டியது வதந்தியை, தனிமனிதரை அல்ல.