தளராத தமிழ்த் தூதர்

ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னிலே 1913ஆம் ஆண்டு பிறந்தவர் தனிநாயகம் அடிகள். உரோமாபுரியில் இறையியற் கலாநிதிப் பட்டம் பெற்றுக் குருவானவர், பன்மொழி அறிந்தவர், ஆயினும் தமிழிலக்கியத்தை முறையாகக் கற்காதவர். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்திலே ஆசிரியராயிருந்துகொண்டே பண்டிதரிடம் பாடங் கேட்டார். 1945இல், முப்பத்திரண்டு வயதிலே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய் அமர்ந்தார். 'இந்த வயதிலா?' என்று எவரும் கேட்கக்கூடிய செயல்தான்!

அக்காலத்துக் கீழைத்தேய ஆராய்ச்சியாளர் பலருக்கு இந்தியப் பண்பாடு என்றால் வடமொழியே. தமிழின் தொன்மையைத் தமிழரின் தற்பெருமை என ஐயுற்றோரும் உளர். அவர்களோடு அடிகள் வாதிட்டுக் காலங்கழிக்கவில்லை. 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழின் சிறப்பை ஆங்கிலத்திலா உரைப்பது? ஐயுறுவோர் வாசிக்கும் மொழி அதுவாயிற்றே!

1964இல் தில்லியிலே கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடிற்று. தமிழுக்கு ஓரத்திலே இடமளித்த அந்த அவைக்கு வந்திருந்த அறிஞர்களைக் கொண்டே, துணைவர் சிலரோடு உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா அதன் தலைவரானார். 1966இல் கோலாலம்பூரிலே முதல் மாநாடு நடந்தேறியது. நான்காம் மாநாட்டைக் கொழும்பில் நடத்துமாறு அரசாங்கம் விரும்பியபோதிலும், 1974 சனவரியிலே, அடிகள் பிறந்த தீவிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தால் எட்டிவிடும் யாழ்ப்பாண நகரிலேயே அது கூடிற்று.