சிறார்க்குப் பந்தாட்டம் பயிற்றும் முறை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

புலவர்களும் பட்டதாரிகளும் உரை நிகழ்த்தும் இம்மேடையில், மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே பயின்று ரயில்வேயில் எழுத்தராய்க் காலந்தள்ளும் எம்மையும் பேசப் பணித்த சங்கத்தார்க்கு நன்றி. நாம் பேச வந்தது இலக்கியம் பற்றியதன்று, கால்பந்து பற்றியது. நம் பிள்ளைகளுக்கு அதனை எவ்வாறு சொல்லிக் கொடுப்பது என்பதே பொருள். ஞாயிறுதோறும் காலனி மைதானத்தில் சிறுவர்களோடு நிற்கும் எமக்கும் எம் நண்பர்க்கும் தெரிந்த சில செய்திகளைச் சொல்லி, முடிவில் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோளையும் வைக்க எண்ணுகின்றோம்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் இம்மண்ணுக்கு வந்தனர். பகலெல்லாம் பாதாளத்தில் பாறை உடைத்தவர்கள், மேலே வந்தபின் பந்தாட்டத்தைத் தமதாக்கிக் கொண்டனர். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நம் வாழ்க்கை எப்படி மாறிற்று என்பது இச்சபையில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஆகிய நிலையங்களில் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூருக்குப் போகும் தந்தையர், பிள்ளைகள் உறங்கிய பின்னரே வீடு திரும்புகின்றனர். மாலையில் மைதானம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கின்றனர். உடன் நின்று சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. எஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. அதிலும் வீட்டு வேலை, கடை, உறவினர் இல்லம் எல்லாம் போக மிஞ்சுவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியை வீணாக்காமல் பயிற்றுவது எப்படி என்பதே நம் கேள்வி.

அன்பர்களே! ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். கணக்கு எழுதுவதுதானே எம் தொழில்! முப்பது சிறுவர்கள், பந்து ஒன்று. வரிசையில் நிறுத்தி ஒருவர்பின் ஒருவராய்க் கோலை நோக்கி உதைக்கச் சொல்கின்றோம். ஒருவனுக்குப் பதினைந்து விநாடி எனில், ஒரு சுற்று முடிய ஏழரை நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் ஒருவன் உதைப்பது எட்டே முறை. எஞ்சிய ஐம்பத்தெட்டு நிமிடம் அவன் செய்வது என்ன? முன்னால் நிற்பவனைக் கிள்ளுவதும், பின்னால் நிற்பவனோடு சண்டையிடுவதுமே! இனி, இருவருக்கு ஒரு பந்து என்று கொடுத்துப் பாருங்கள். அதே பதினைந்து விநாடிக் கணக்கில் ஒருவனுக்கு நூற்றிருபது முறை கிட்டும். பயிற்சியாளர் அவரே, மைதானம் அதுவே, நேரமும் அதுவே. பயனோ பதினைந்து மடங்கு. பந்து காலில் படாமல் எந்தக் குழந்தையும் பந்தாட்டம் கற்றதில்லை. எனவே முதல் விதி, பேச்சைக் குறைத்துப் பந்தைப் பெருக்குக என்பதாகும்.

இவ்விதியே ஆட்டத்துக்கும் பொருந்தும். எட்டு வயதுப் பிள்ளைகளைப் பெரிய மைதானத்தில் பதினொருவருக்குப் பதினொருவராய் ஆடவிட்டால், வலுத்த நால்வரே ஆடுவர். மற்றவர் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பர். நால்வருக்கு நால்வராகப் பிரித்து, செங்கல் இரண்டை நட்டுச் சிறு கோல் அமைத்து, மைதானத்தில் மூன்று நான்கு ஆட்டங்களை ஒரே வேளையில் நடத்தினால் ஒளிய இடமின்றி எல்லாரும் ஆடுவர். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018-இல் தொடங்கிய சிறார் லீக் ஆட்டங்களிலும் இவ்வாறே சிறு அணி, சிறு மைதானம் என்றே ஏற்பாடு செய்தனர். பந்தின் அளவும் கருதத்தக்கது. எட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு மூன்றாம் எண், பன்னிரண்டு வரை நான்காம் எண், அதற்கு மேல் ஐந்தாம் எண் என்பது வழக்கம். பெரியவர் பந்தைச் சிறு குழந்தை உதைத்தால் கால்தான் நோகும், கலை வராது.

இரண்டாவது, ஒரு நாளைக்கு ஒன்றே சொல்லுக. அதையும் செய்து காட்டுக. பந்தை அருகில் உள்ளவனுக்குத் தள்ளிக் கொடுப்பதை எடுத்துக் கொள்வோம். ஊன்றிய கால் பந்துக்குப் பக்கத்தில், கொடுக்க வேண்டிய திசை நோக்கி இருத்தல் வேண்டும். முழங்கால் சற்று மடங்க வேண்டும். உதைக்கும் காலின் உட்புறம் பந்தின் நடுவிற் பட வேண்டும். கணுக்கால் தளரக் கூடாது. இந்நான்கையும் ஒரே மூச்சிற் சொன்னால் ஒன்றும் நில்லாது. இன்று ஊன்றிய காலை மட்டும் பாருங்கள் என்று சொல்லி, இருமுறை செய்து காட்டிவிட்டு ஒதுங்கி நிற்பதே முறை. வரும் பந்தை நிறுத்துவதற்கோ ஓர் உவமை போதும். எறிந்த கோழிமுட்டையைக் கையில் ஏந்துபவர் எப்படிக் கையைச் சற்றுப் பின்னிழுத்து வாங்குவாரோ, அப்படியே காலையும் பின்னிழுத்துப் பந்தை வாங்க வேண்டும். நம் பிள்ளைகளிற் சிலர் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், பள்ளியில் கன்னடமும் பேசுகின்றனர். எந்த மொழியிற் சொன்னால் குழந்தையின் முகம் மலர்கிறதோ, அந்த மொழியிற் சொல்லுவதே பயிற்சி.

மூன்றாவது, விதியை மாற்றிப் பாடம் நடத்துக. இதில் நமக்கு வழிகாட்டி ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் என்னும் பெருமகனார். அவர் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். அவர் பயிற்றிய இந்திய அணி 1951-இல் தில்லியிலும் 1962-இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. வலுக் குறைந்த காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி, பந்தைக் காலோடு ஒட்டித் தனியே கொண்டு போகலாகாது என்று ஒரு போட்டி என, புதுப்புது விதிகளோடு அவர் ஆட்டங்களை நடத்தினார். இதன் நுட்பத்தைக் கவனியுங்கள். “இடக்காலையும் பயன்படுத்து” என்று நூறு முறை கத்தினாலும் பிள்ளை மறந்து விடுவான். இன்று இடக்கால் கோல் மட்டுமே கணக்கு என்று விதி செய்தால், கத்தாமலே கற்றுக் கொள்வான். தனக்கே பந்தை வைத்துக் கொள்பவனைத் திட்டுவதினும், இருமுறை தொட்டதும் பந்தைக் கொடுத்தாக வேண்டும் என்னும் விதி நல்ல ஆசிரியர். சிற்சில வேளை ஆட்டத்தை நிறுத்தி, “இப்போது யார் தனியே நின்றான்?” என்று கேளுங்கள். விடையைப் பிள்ளை தானே கண்டால் அது என்றும் மறவாது.

நான்காவது, குழந்தைக்கு இடத்தை முன்னரே முடிவு செய்யாதீர். தடித்தவன் என்றால் கோல் காக்க, ஓடுபவன் என்றால் முன்னணிக்கு என்று ஒன்பது வயதிலேயே முத்திரை குத்துவது நம் வழக்கம். 1962 இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1 என வென்ற நாளில் நம் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். அவர் தொடக்கத்தில் முன்னணியில் ஆடியவர். சென்னை ரெஜிமெண்டில் சேர்ந்த பின்னரே கோல் காப்பாளராய்ப் புகழடைந்தார். அதே ஆட்டத்தில் ஒரு கோலடித்த ஜர்னெயில் சிங் இயல்பில் தற்காப்பு ஆட்டக்காரர். தலையிற் காயத்தோடு இருந்தவரை ரஹீம் முன்னணியில் நிறுத்தினார். மற்றொரு கோலடித்த பி.கே. பானர்ஜி கிழக்கு ரயில்வே அணியில் ஆடியவர் என்பது எம் போன்ற ரயில்வேக்காரர்க்குத் தனிப் பெருமை. பெங்களூரின் அருமைநாயகமும் அவ்வணியில் இடம்பெற்றிருந்தார். ஆகவே பன்னிரண்டு வயது வரை எல்லாரும் எல்லா இடத்திலும் ஆடட்டும். கோலிலும் முறை வைத்து நிற்கட்டும்.

ஐந்தாவது, உடலைக் காத்துப் பயிற்றுக. சிறு பிள்ளைகளைத் தலையால் பந்தை முட்டப் பழக்குவது இப்போது பல நாடுகளிற் கைவிடப்பட்டு வருகிறது. அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தார் 2015-இல் பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடையோர்க்கு அதனைத் தடுத்தனர். இங்கிலாந்தில் 2020-இல் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில் அது வேண்டா என்றனர். நாமும் அவ்வாறே செய்தல் நலம். தவறு செய்தவனை மைதானம் சுற்றி ஓடச் செய்யும் தண்டனையும் வேண்டா. ஓட்டத்தையே வெறுக்கக் கற்றுக் கொடுப்பதாகும் அது. காற்று வீசும் நாளில் சயனைடு மேடுகளின் அருகே ஆடவிடாதீர். அப்புழுதி சிறு நெஞ்சுக்கு ஆகாது. குடிநீர்க் குடம் மைதான ஓரத்தில் இருக்கட்டும்.

ஆறாவது, இதனைப் பெற்றோருக்கே சொல்கின்றோம், பொறுத்தருள வேண்டும். வாரம் ஆறு நாள் பிள்ளையின் முகம் பாராத தந்தை, ஏழாம் நாள் கோட்டோரம் நின்று, “அடேய், உதைடா! கண் தெரியலையா?” என்று கூவுகிறார். அன்பினாலேதான் கூவுகிறார், ஐயமில்லை. ஆயினும் பிள்ளையின் காதில் அது அன்பாக விழுவதில்லை. பந்து வரும்போது அவன் பந்தைப் பார்ப்பதில்லை, தந்தையைப் பார்க்கிறான். கோட்டோரம் நிற்போர் கைதட்டுவதோடு நிறுத்திக் கொள்ளட்டும். திருத்தம் சொல்ல வேண்டின், பிறர் காதில் விழாமல், “அப்படிச் செய்யாதே” என்னாமல், “இப்படிச் செய்து பார்” என்று சொல்லலாம். வீடு திரும்பும் வழியில் “எத்தனை கோல் போட்டாய்?” என்பதற்குப் பதில், “இன்று என்ன புதிதாய்க் கற்றாய்?” என்று கேளுங்கள்.

தாய்மார்களே! பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். மதுரையின் சேது கால்பந்துக் கழகம் 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. நம் காலனிப் பெண்களின் கால்களும் அத்தகையனவே.

இனி எம் வேண்டுகோள். ஆண்டுதோறும் நம் இளைஞர் விழாவுக்கெனப் பதினொருவரைத் தேர்ந்து, அவர்களுக்கு மட்டும் சட்டை தைத்து, வெற்றிக் கோப்பை ஒன்றும் வாங்குகின்றோம். தேர்வு நடக்கும் நாளில் பதினொருவர் மகிழ்வர். ஐம்பதின்மர் தலை கவிழ்ந்து வீடு செல்வர். அவருட் சிலர் மீண்டும் மைதானத்துக்கு வருவதேயில்லை. அவர்கள் மாலை நேரத்தை எங்கே கழிக்கின்றனர், எவருடன் கழிக்கின்றனர் என்பதை அறியத் தந்தையும் வீட்டில் இல்லை. ஒன்பது வயதில் “நீ வேண்டாம்” என்று கேட்ட பிள்ளை, பதினைந்து வயதில் எங்கு நிற்பான் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்பது வயதிற் பின்தங்கியவன் பதினாறில் முந்துவதும் உண்டு. வளர்ச்சி எல்லார்க்கும் ஒரே நாளில் வருவதில்லை.

2023 மார்ச்சில் ரியாத் நகரில் மேகாலயாவை வென்று கர்நாடக அணி சந்தோஷ் கோப்பையை 54 ஆண்டுகளுக்குப் பின் மீட்டது. நம் பிள்ளைகளும் அத்தகைய அணியில் ஆட வேண்டும் என்னும் ஆசை எமக்கும் உண்டு. ஆயின் அறுபது பேரும் ஆடினால்தான் அவருள் ஒருவர் அவ்வளவு தூரம் போவார். போகாத ஐம்பத்தொன்பதின்மரும் நம் பிள்ளைகளே அல்லரோ!

ஆகவே இவ்வாண்டு கோப்பைக்கும் சட்டைக்கும் ஒதுக்கிய பணத்தில் முப்பது பந்துகளும் ஒரு காற்றுப் பம்பும் வாங்கித் தர வேண்டுமெனச் சங்கத்தாரைக் கேட்டுக் கொள்கின்றோம். பணி ஓய்வு பெற்ற பெரியவர்களும் கல்லூரி செல்லும் இளைஞர்களும் வார நாள் மாலைகளில் முறை வைத்து மைதானத்துக்கு வர இசைய வேண்டும். அவர்கள் பெரிய ஆட்டக்காரராய் இருக்க வேண்டியதில்லை. பந்தைப் பகிர்ந்து கொடுத்து, அணி பிரித்து, பொறுமையோடு பார்த்திருந்தாற் போதும். பெயர் தர விரும்புவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் எழுதிச் செல்லலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாங்கள் மைதானத்தில் இருப்போம்.