சிக்னல் ஃபுல்லா இருக்கு, இணைப்பு ஏன் வரல?

இ-சேவை மையப் பணியாளர்களுக்கு:

தலைப்பில் இருக்கும் கேள்வியை நீங்க தினமும் கேட்டிருப்பீங்க. திரையில் தெரியும் கோடுகள், கோபுரத்தின் குரல் நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைத்தான் காட்டும். நம்ம குரல் அங்கே போய்ச் சேருதா? அதைக் காட்டாது.

இணைப்புக்கு முதலில் கதவைத் தட்டுவது போன்தான். 4ஜி-யில் அதற்கெனக் கோபுரத்தின் ஒரு பிரிவுக்கு 64 குறிகள்தான். போன் அதில் ஒன்றைக் குத்துமதிப்பாக எடுத்து அனுப்பும். இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் ஒரே குறியை எடுத்தால் மோதல். வழி கிடைக்காத போன் சற்றுப் பொறுத்து மறுபடி தட்டணும். சாதாரண நாளில் இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிஞ்சிடும். விண்ணப்பத்தின் கடைசி நாளில், புயல் நாளில் அப்படி இல்லை.

அப்போ நாம ஏரோபிளேன் மோடைத் திரும்பத் திரும்பப் போட்டு எடுக்கிறோம். ஒருமுறை செய்யலாம், தப்பில்லை. அதற்கு மேல் செய்தால் நாமே நெரிசலைக் கூட்டுகிறோம்.

கைரேகை வைக்க வந்த பாட்டியை "நாளைக்கு வாங்க" என்று அனுப்பும் முன், கருவியை வாசலுக்கு எடுத்துட்டுப் போய் ஒருதடவை முயலுங்க. சுவர் குறைந்தால் நம்ம குரல் சேரும். அந்தப் பாட்டிக்கு ஒரு பஸ் செலவு மிச்சம்.