பளிங்கு கூறும் சாட்சி



நெருப்புச் சுட்டால் கை தானாகவே பின்வாங்குகின்றது. கெட்ட உணவை நாவும் நாசியும் காட்டிக் கொடுக்கின்றன. ஆனால், எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் நம் உடலை ஊடுருவிச் செல்லும்போது ஐம்புலன்களில் ஒன்றேனும் அதனை அறிவதில்லை. 1895ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டபின், அதன் புதுமையில் மயங்கி, நாள்தோறும் தம் கைகளை அதன்முன் நீட்டியோர் பலர். அமெரிக்காவிலே எடிசனின் உதவியாளராயிருந்த கிளாரன்ஸ் டாலி அவர்களுள் ஒருவர். அவர் தம் கைகளை இழந்து, 1904இல் உயிரையும் இழந்தார். தீங்கு வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது.

ஆகவே, நாம் உணராததை நமக்காக ஏற்று, நினைவிலும் வைத்திருக்கும் ஒரு சாட்சி வேண்டும். அத்தகைய சாட்சிகளுள் ஒன்றே இலிதியம் புளோரைட்டு என்னும் பளிங்கு.

இது நிறமற்றது, கண்ணாடிபோல் தெளிவானது. நம் சமையலறை உப்பைப் போலவே, இதனுள்ளும் நேரேற்றமும் எதிரேற்றமும் உடைய அயன்கள் மாறிமாறி ஒழுங்காக அமர்ந்திருக்கின்றன. வலிய கதிர் பாயும்போது ஒரு புளோரைட்டு அயன் தன் இடத்தைவிட்டு அகல நேரிடும். வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து சென்றாற்போல அங்கே வெற்றிடம் உண்டாகின்றது. அலைந்து திரியும் இலத்திரன் ஒன்று அவ்விடத்திலே சிறைப்படுகின்றது. இதனையே நிறமையம் என்பர். ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரிலே றொபேட் போல் என்பவரும் அவர் மாணாக்கரும் இத்தகைய மையங்களை விரிவாக ஆராய்ந்தனர்.

இரண்டு வெற்றிடங்கள் அருகருகே அமைந்து இரண்டு இலத்திரன்களைப் பிடிப்பதும் உண்டு. மூன்று வெற்றிடங்கள் சேர்ந்து இரண்டு இலத்திரன்களைப் பிடிப்பதும் உண்டு. இவ்விருவகை மையங்களும் நீல ஒளியை உறிஞ்சுகின்றன. அதனாலேயே கதிர்பட்ட பளிங்கு மஞ்சள் நிறம் பெறுகின்றது. அதன்மேல் நீல ஒளியைச் செலுத்தினால் முதல்வகை மையம் செவ்வொளியையும், இரண்டாம்வகை பச்சை ஒளியையும் உமிழும். அவ்வொளியின் செறிவைக்கொண்டு, பளிங்கு ஏற்ற கதிரின் அளவை மதிப்பிடலாம். இவ்வாறு வாசிப்பதனால் பதிவு அழிந்துவிடுவதில்லை, மீண்டும் வாசிக்கலாம். போலந்தின் கிராக்கோ நகர ஆராய்ச்சியாளர் இம்முறையினால் தனித்தனித் துகள்கள் சென்ற சுவடுகளையே நுணுக்குக்காட்டியிற் கண்டுள்ளனர்.

வேறொரு முறையும் உண்டு. மகனீசியமும் தைத்தேனியமும் மிகச் சிறிதளவு கலந்த பளிங்கை ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வரை சூடாக்கினால், உள்ளே சிறைப்பட்டிருந்த இலத்திரன்கள் விடுபட்டு, நீல ஒளி வெளிப்படும். இதற்கு வெப்பவொளிர்வு என்று பெயர். இங்கே வாசிப்பு ஒருமுறைதான். சொல்லி முடித்தபின் பளிங்கு வெறுமையாகி, முறைப்படி பதப்படுத்தியபின் மீண்டும் பயன்படும். 1950களில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துப் பரிங்டன் டானியல்சும், 1960களில் அங்கேயே ஜோன் கமரோனும் இதனைக் கதிரளக்கும் கருவியாக வளர்த்தெடுத்தனர். இப்பளிங்கின் சராசரி அணுவெண் ஏறத்தாழ 8; நம் தசையினதோ 7க்குச் சற்று மேல். ஆதலால், பளிங்கு ஏற்றதைக் கொண்டு உடல் ஏற்றதைக் கணிப்பது எளிதாகின்றது.

இன்று வைத்தியசாலைகளிற் கதிர்களோடு பணிபுரிவோர் பலர் மார்பில் அணியும் சிறு அட்டையினுள்ளே இருப்பது இத்தகைய பளிங்குதான். ஆயின், ஒன்றை மறத்தலாகாது. அது கவசமன்று, அணிந்தவரை அது கதிரிலிருந்து காக்காது. ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டொன்றுக்கு 20 மில்லிசீவேட்டு என்னும் எல்லையைச் சர்வதேச கதிரியற் பாதுகாப்பு ஆணைக்குழு 1990இல் விதந்துரைத்தது. அவ்வெல்லை மீறப்படுகின்றதா என்பதைப் பளிங்கு சொல்லும், தடுக்கவேண்டியவர் மனிதரே.

பாடசாலையின் வரவுப் பதிவேட்டைப் பாருங்கள். நாள்தோறும் குறித்துவிட்டு எவரும் புரட்டாதிருந்தால், வராத பிள்ளையைத் தேடிச் செல்வார் யார்? அதுபோலவே, அட்டையை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் பணிக்குச் செல்பவருக்கு, அது இழுப்பறையின் கணக்கையே சொல்லும். அணிந்தவரின் கணக்கு உயர்ந்திருந்தும் மேலதிகாரி அதனை நோக்காதுவிட்டால், சாட்சி சொல்லியும் கேட்பாரில்லை என்றாகிவிடும்.

குறையற்ற பளிங்கு எதையும் பதிந்து வைப்பதில்லை. தன்னுள் நேர்ந்த குறையினாலேயே அது உண்மையைக் காத்து வைக்கின்றது. அதனை அணிவது தொழிலாளியின் கடமை. வாசித்து ஆவன செய்வது பொறுப்பாளரின் கடமை. இரண்டும் நிறைவேறினாலன்றி அச்சிறு ஒளியினால் எவருக்கும் பயனில்லை.