பழைய கணினிக்கு எந்தப் பாஸ்கல்?

(குண்டடத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உறவினர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த ஸ்பெக்ட்ரம் கணினி ஒன்றை எனக்குக் கொடுத்தார். 1982-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வீட்டுக் கணினி அது. நம் நாட்டில் புனேயிலிருந்து டெசிபெல் நிறுவனமும் இதே வகைக் கணினியை விற்றது. மொத்த நினைவகம் 48 கிலோபைட். திரைக்கே 6,912 பைட் போய்விடும். தொலைக்காட்சிப் பெட்டியில் இணைத்தேன், ஓடியது.

எட்டாம் வகுப்புக்காக மடிக்கணினியில், ஃப்ரீ பாஸ்கலில், கூலிக் கணக்குப் பயிற்சி ஒன்றை எழுதி வைத்திருந்தேன். பெற்றோர் பலர் பனியன் கம்பெனிக்கும் பவர்டேபிளுக்கும் போகிறவர்கள். டஜன் கணக்குப் பிள்ளைகளுக்குப் பழக்கம். அதையே இந்தப் பெட்டிக்கு மாற்ற ஆசைப்பட்டேன்.

வழி இரண்டு. ஸ்பெக்ட்ரத்தின் இசட்80 செயலிக்கு மடிக்கணினியிலிருந்தே ஃப்ரீ பாஸ்கலால் மொழிபெயர்க்கலாம். அந்த வசதி இன்னும் வளர்ச்சியில் இருக்கிறது. அல்லது அந்தக் காலத்து ஹைசாஃப்ட் பாஸ்கலைப் பெட்டிக்குள்ளேயே ஏற்றலாம். ஒலிநாடாவுக்குப் பதில் கைப்பேசியின் ஒலியை ஒயர் வழியாகக் காது துளையில் கொடுத்தால் போதும், ஏறிவிடும். பிள்ளைகள் கண்ணெதிரே பிழை காட்டித் திருத்த வேண்டும் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தேன்.

வேலை எளிதாக இல்லை. ஹைசாஃப்டில் ஸ்டிரிங் வகை கிடையாது. பெயர்களையெல்லாம் எழுத்து வரிசைகளாக உடைத்தேன். கோப்பு வகையும் கிடையாது. நாமே வரைந்துகொள்ள 21 எழுத்து இடங்கள்தான். நம் மெய்யெழுத்துகளுக்கே பதினெட்டு போய்விடும், உயிருக்கு எங்கே போவது? தமிழை விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் மடிக்கணினியில் ஒரு மாணவி கணக்குப் போட்டாள். டஜனுக்கு 36 ரூபாய், 1000 டஜன். திரையில் வந்தது: -29536. அவள் கேட்டாள்: "சார், எங்கம்மா கம்பெனிக்குக் காசு தரோணுமா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துப் பள்ளிகள் மூன்றுக்கு அந்த நிரலைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன்.

காரணம் இதுதான். ஃப்ரீ பாஸ்கலின் இயல்பான நிலையில் இன்டிஜர் 16 பிட், அதிகபட்சம் 32,767. அதைத் தாண்டினால் 65,536 கழிந்து எதிர்மறையாகிவிடும். வரம்புச் சோதனையை நான் போட்டிருக்கவில்லை. அதனால் சத்தமில்லாமல் தவறான விடை வந்தது. அதே கணக்கை ஸ்பெக்ட்ரத்தில் கொடுத்தேன். அங்கும் வரம்பு 32,767-தான். ஆனால் ஹைசாஃப்ட் முழு எண் பெருக்கலை எப்போதும் சோதிக்கும். விடை சொல்லாமல் பிழை காட்டி நின்றுவிட்டது.

பிறகு மடிக்கணினி நிரலில் தொகையை லாங்இன்ட் ஆக்கி, முதல் வரியிலேயே வரம்புச் சோதனையையும் எழுதினேன். ஸ்பெக்ட்ரத்தில் லாங்இன்ட் இல்லை. அங்கே ரியல் எண். ஏறத்தாழ ஏழு இலக்கம் தாங்கும், நம் கூலிக்குப் போதும்.

மூன்று பள்ளிகளுக்கும் திருத்திய நிரலைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். பெட்டியும் பின் மேசையில் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் வந்து 36-ஐயும் 1000-ஐயும் அடித்துப் பாருங்கள். ரப்பர் பொத்தான், கொஞ்சம் அழுத்தித்தான் அடிக்க வேண்டும்.