தேரிக்காட்டுத் தடங்கள்

மார்கழிப் பனியில் காட்டுக்குள் நடக்க ஆசை வந்தால் கொடைக்கானல் வரைக்கும் போக வேண்டியதில்லை. குலசேகரன்பட்டினம் கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வந்தால் குதிரைமொழித் தேரி. செக்கச்செவேலென்று மணல் மேடுகள், நடுவே பனை, கொல்லாமரம், உடை. மணலில் ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடுதான் இந்தச் சிவப்புக்குக் காரணம்.

போன வாரம் விடியலில் போயிருந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மணல் இறுகிக் கிடந்தது. ராத்திரி நடமாட்டம் அத்தனையும் அதில் பதிந்திருந்தது. மூன்று விரல் விரித்த மயில் தடம். பின்னங்கால்கள் முன்னே விழுந்த முயல் தடம்.

ஒரு உடை மரத்தடியில், காய்ந்த மணலில் புனல் போலச் சின்னச் சின்னக் குழிகள். நம்ம குழியானை! பின்பக்கமாகவே நகர்ந்து குழி பறித்து, அடியில் தாடையை விரித்துக் காத்திருக்கும். சறுக்கி விழுந்த எறும்பு ஏறப் பார்த்தால் மணலை வாரி வீசும். அதுவே வளர்ந்ததும் தட்டான் மாதிரி சிறகு முளைத்துப் பறக்கும். எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

திருச்செந்தூர் போகிறவர்கள் தேரிக்கும் ஒரு விடியலை ஒதுக்குங்கள். வெயிலுக்கு முன்னே போய்விடுங்கள். காற்று கிளம்பினால் தடமெல்லாம் அழிந்துவிடும்.